போகாதவருக்கு வைத்திருந்த கிண்ணம்

ஒரு மனிதர் நம்மை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினால், அவருக்கு வேண்டியது நாமா, நம் கையில் இருக்கும் பொருளா என்று பிரித்தறியக் கொஞ்சம் புத்தி வேண்டும். நாய்க்குட்டிக்குக்கூட அது உண்டு. எனக்குக் கிடையாது என்பது ஃபிஜியின் நாண்டி விமான நிலையத்தில், என் மாமனார் குடும்பம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நிரூபணமாயிற்று. பயணிகள் மட்டும் உள்ளே போகும் கதவருகே எங்கள் ஹெட் கிளார்க் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். என் கக்கத்தில் குட்டைக் கால்கள் வைத்த ஒரு மரக்கிண்ணம். நான் விம்மிக்கொண்டே பாய்ந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டேன். அவருடைய ஒரு கை என் முதுகைத் தட்டியது. இன்னொரு கை கிண்ணத்தின் காலைப் பிடித்து இழுத்தது. மனிதர் என்னை விடமாட்டேன் என்கிறாரே, பாசம் என்றால் இதுவல்லவா பாசம் என்று உருகி, நானும் கிண்ணத்தை இறுக்கிக்கொண்டேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டேன். கிண்ணமும் ஏறிவிட்டது.

அவர் கேட்டது கிண்ணத்தை. அது எனக்கு உறைத்தபோது கீழே கடல் மட்டும்தான் தெரிந்தது.

கிண்ணத்தின் கதையைச் சொல்ல வேண்டுமானால் சம்பளம் குறைந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். தலைநகர் சுவாவில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் கிளார்க்காக இருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. என்னை நினைவு வைத்திருப்பவர்கள் அங்கே இன்னும் இருக்கக்கூடும். இந்தியர் ஆதரவில் வந்த ஆட்சியைக் கவிழ்த்த முதல் ராணுவப் புரட்சி நடந்து முடிந்த கையோடு, கஜானாவில் பணம் இல்லை என்று அரசு ஊழியர் எல்லோருடைய சம்பளத்திலும் ஒரு துண்டை வெட்டினார்கள். நாணயத்தின் மதிப்பும் இறங்கியது. பழைய சம்பளமே வந்தாலும் போதாது என்ற நேரத்தில் பழைய சம்பளமும் வரவில்லை. இதைச் சமாளிக்க நான் எடுத்த நடவடிக்கை, மாதத் தவணையில் ஒரு வீடியோ டெக் வாங்கியது. வெளியே போய்ச் செலவழிப்பதைவிட வீட்டிலேயே படம் பார்த்தால் மிச்சம் என்று மனைவிக்கு விளக்கினேன். கல்யாண வீடுகளில் சிரிப்பு மூட்ட வேண்டியிருந்தால் அவள் இன்றைக்கும் அந்த விளக்கத்தைத்தான் எடுத்துவிடுகிறாள்.

ஹெட் கிளார்க்கின் நிலைமை வேறு. ஓய்வு பெற அவருக்குச் சில வருஷங்களே பாக்கி. சுவாவுக்கு வெளியே நகாசியில் கட்டிய வீட்டின் கடன், அவர் வேலையை விடும் சமயத்தில் தீரும்படி ஏற்பாடு. முழுச் சம்பளத்தை நம்பிச் செய்த ஏற்பாடு அது. இப்போது குறைச் சம்பளத்தில், சேமநிதியில் கை வைக்காமல், அதே ஓட்டத்தை ஓடி முடிக்க வேண்டும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை புலம்பவில்லை. மறுநாள் முதல் ரப்பர் செருப்போடு ஆபீஸ் வந்தார். தோல் ஷூ மேஜை இழுப்பறையில் இருக்கும். வந்ததும் மாட்டிக்கொள்வார், போகும்போது கழற்றி வைப்பார். சுவாவின் மழையில் ஷூ எத்தனை நாள் தாங்கும் என்று அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அவருடைய ஷூ அந்த மழையை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. பஸ் கட்டணம் ஒரு படி குறையும் நிறுத்தத்திலேயே இறங்கி மீதியை நடப்பார். கடையில் வாங்கும் ரொட்டிப் பொட்டலம் நின்றது. வேகவைத்த கசாவாவும், அதாவது மரவள்ளிக் கிழங்கும், மிளகாய்ச் சட்னியும் டப்பாவில் வந்தன. சர்க்கரையை விட்டார். "சுகர் வந்தாத்தான் டாக்டர் நிறுத்தச் சொல்வான். முன்னாடியே நிறுத்திட்டா டாக்டர் பைசாவும் மிச்சம்" என்பார்.

அவர் வீட்டுக்கு ஒருநாள் சாப்பிடப் போயிருந்தபோது தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரியவில்லை. தண்ணீரும் இல்லை. அரிசி, பருப்பு, மாவு எல்லாம் டப்பா டப்பாவாக அடுக்கி இருந்தது. கரண்டை நிறுத்திவிட்டு அலமாரியாக்கிவிட்டாராம். எலி வராது, கரப்பான் வராது, கதவு இறுக்கமாக மூடும். சமையல்கட்டிலிருந்து அண்ணி, அதாவது அவர் மனைவி, குரல் கொடுத்தார்: "நல்லாப் பாத்துக்கோங்க தம்பி. ஊர்ல எல்லாரும் ஐஸ் வெச்சுக் குடிக்கிறாங்க. எங்க வீட்டுல பருப்பை பத்திரமா பூட்டி வெச்சுக் குடிக்கிறோம்." சட்டைக் காலர் தேய்ந்தால் தையலைப் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுத்ததும் அண்ணிதான். அதைச் சொல்லிக்காட்டுவதில் அவருக்குக் கேலி பாதி, பெருமை பாதி.

நான் அவருக்கு நிதி மந்திரி என்று பெயர் வைத்தேன். ஆபீஸ் முழுக்கப் பரவிய பிறகு ஒருநாள் அவர் காதுக்கும் போயிற்று. என்னைக் கூப்பிட்டு, யாருக்கும் புரியாத தமிழில், "மந்திரின்னா நேத்தே என்னை இறக்கி ஜீப்புல ஏத்தியிருப்பானுங்கடா. கிளார்க்குன்னே கூப்பிடு. கிளார்க்கைத் தூக்கறதுக்கு யாரும் துப்பாக்கி எடுத்துட்டு வரமாட்டான்" என்றார். அந்த ஆபீஸில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். மற்ற இந்தியர்களோடு இந்தி, மேலதிகாரியோடு ஆங்கிலம், என்னைத் திட்ட மட்டும் தமிழ். இத்தனை வருஷம் கழித்து நான் தமிழில் எழுதுகிறேன் என்றால், பள்ளிக்கூடத்தில் கற்றதைவிட அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் அதிகம் உதவுகிறது.

அந்த நாட்களில் சிக்கனம் என்பது எல்லோர் வீட்டிலும் இருந்தது. ஆனால் எல்லோரும் மிச்சம் பிடித்தது போவதற்கு: விசாவுக்கு, டிக்கெட்டுக்கு, சிட்னியில் முதல் மாத வாடகைக்கு. இவர் ஒருவர்தான் இருப்பதற்காக மிச்சம் பிடித்தார். மகள் வான்கூவரில் இருந்தாள். அப்பாவும் அம்மாவும் வந்துவிடட்டும் என்று மனு போடுவதற்கு அவள் எப்போதோ தயார். "அங்க போனா நான் மக வீட்டு விருந்தாளி. விருந்தாளி ரெண்டு மாசம் தங்கினா மரியாதை. ரெண்டு வருஷம் தங்கினா அதுக்குப் பேரு வேற. எனக்கு என் வீட்டு வாசப்படி போதும். அதை முழுசா என்னுதாக்கிட்டு அதுல உக்காரணும். அவ்வளவுதான்" என்பார். அவருக்கு இருந்த ஆசை அந்த ஒன்றுதான். அதற்காகத்தான் ரப்பர் செருப்பு, கசாவா, இருட்டு ஃபிரிட்ஜ் எல்லாம்.

அந்த ஆசைக்கு எதிரி ஒன்று முளைத்தது. பிரிவுபசாரம்.

ஆபீஸை விட்டு ஒருவர் போனால் ஒரு பழுப்பு உறை மேஜை மேஜையாகச் சுற்றிவரும். எல்லோரும் அதில் போடுவோம். ஒரு பரிசு வாங்குவோம். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு உறை. புரட்சிக்குப் பிறகு ஒரு உறை சுற்றி முடிப்பதற்குள் அடுத்தது கிளம்பியது. கணக்குப் பிரிவில் ஒருவர் ஆஸ்திரேலியா, டைப்பிஸ்ட் அம்மா கனடா, ஸ்டோர் பார்த்தவர் நியூசிலாந்து. "நம்ம ஊர் சின்ன டாலர்க்காரன் தன் பாக்கெட்டுல கை விட்டு, பெரிய டாலர் சம்பாதிக்கப் போறவனுக்கு சீர் செய்யறான். இது எந்த ஊர் நியாயம் தம்பி?" என்று ஹெட் கிளார்க் பொருமினார். ஆனால் உறையை வெறுமனே தள்ளிவிட அவருக்கு மனம் வராது. போகிறவர்களை அவர் மனதார வழியனுப்பினார். செலவைத்தான் வெறுத்தார்.

வழி தானாகவே பிறந்தது. எங்கள் டிரைவர் ஃபிஜியர், லவு தீவுக்காரர். அங்கே மரம் குடைகிறவர்கள் உண்டு. கணக்குப் பிரிவுக்காரருக்காக டிரைவர் தன் சொந்தக்காரர் மூலம் மலிவாக ஒரு தானோவா வரவழைத்தார். லேசாகக் கிறங்கவைக்கும் நங்கோனா வேரைப் பொடித்து, தண்ணீரில் பிழிந்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கைதட்டிக் குடிப்போமே, அதைக் கரைக்கும் மரக்கிண்ணம். கறுத்த மரம், நல்ல கனம். சாயங்காலம் அதிலேயே நங்கோனா கரைத்துக் குடித்தோம், கழுவினோம், ஈரம் காய்வதற்குள் மாலை போட்டுப் பரிசாகக் கொடுத்தோம், போட்டோ எடுத்தோம். அடுத்த வாரம் நாண்டியில் தராசு முள் அதிகம் காட்டியது. கணக்குப் பிரிவுக்காரர் பெட்டியைத் திறந்தார். ஊறுகாய் ஜாடிகளைப் பார்த்தார். மசாலாப் பொட்டலங்களைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். மரச் சாமானைக் கண்டால் அங்கே குவாரன்டைன்காரர்கள் பிய்த்துப் பார்ப்பார்கள் என்று யாரோ ஒருவர் வேறு பயமுறுத்தினார். கிண்ணம் ஹெட் கிளார்க்கின் நீட்டிய கைகளுக்கு வந்தது.

டைப்பிஸ்ட் அம்மாவின் முறை வந்தபோது உறை சுற்றவில்லை. "கிண்ணம் இருக்கே" என்றார் ஹெட் கிளார்க். அந்த அம்மாவுக்குப் பெட்டியில் ஒரு பிரஷர் குக்கர். கிண்ணம் திரும்பியது. ஸ்டோர்காரர் கேட்கும் முன்பே கையில் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் வாய்திறந்து பேசாமலே அது எங்கள் ஆபீஸின் வழக்கமாகிவிட்டது. போட்டோ போகும், கிண்ணம் திரும்பும். சிட்னியிலும் வான்கூவரிலும் ஆக்லாந்திலும் எத்தனையோ வீடுகளின் ஆல்பங்களில் அந்த ஒரே கிண்ணம் வெவ்வேறு மடிகளில் சிரித்துக்கொண்டிருக்கிறது. ஹெட் கிளார்க்கின் பேச்சும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒன்று தயாரித்து வைத்திருந்தார், ஆளுக்கு ஆள் பெயரை மட்டும் மாற்றுவார். நாண்டிக்கு வழியனுப்பும் குடும்பத்தின் வேனிலேயே போவார், அதே வேனில் திரும்புவார். "திரும்பறப்போ எடம் எப்பவும் இருக்கும் தம்பி" என்று ஒருமுறை சொன்னார். நான் வழக்கம்போல் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மடியில் கிண்ணத்தோடு கரும்புத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒரு பிரிவுபசாரத்தில் நங்கோனா கொடுத்த தைரியத்தில் நான் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன்: இந்தக் கிண்ணம் போகிறவர்களிடமெல்லாம் ஒட்டாமல் திரும்பிவருவதால், கடைசியில் இது போகாதவருக்கே சேர வேண்டும், ஹெட் கிளார்க் ஓய்வு பெறும் நாளில் இதை அவருக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிட வேண்டும். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் முகம் மலர்ந்ததை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். "என் முறைக்கு ஏர்போர்ட் வேண்டாம். நகாசி பஸ்ஸே போதும்" என்றார். அதிலிருந்து அவர் கிண்ணத்துக்கு எண்ணெய் தடவ ஆரம்பித்தார். அண்ணி என்னிடம், "என்ன தம்பி சொல்லி வெச்சீங்க? ஹாலுல எங்க வைக்கறதுன்னு இப்பவே இடம் பாக்குறாரு. மக போன்ல கூப்பிட்டா, கிண்ணம் வாங்காம எப்படி வர்றதுங்கறாரு" என்றார்.

நான் போகவே மாட்டேன் என்றுதான் ஆபீஸில் முழங்கிக்கொண்டிருந்தேன். முழங்கிக்கொண்டே என் மைத்துனர் அனுப்பிய நியூசிலாந்து விசாப் படிவங்களை நிரப்பினேன். விசா வந்த பிறகும் ஹெட் கிளார்க்கிடம் சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே, "எப்போ தம்பி?" என்று கேட்டார். எப்படித் தெரிந்தது என்றேன். "வீடியோ டெக்கை விக்கறியாமே" என்றார்.

என் பிரிவுபசாரத்தில் அவர் வழக்கமான ஆங்கிலப் பேச்சைத் தொடங்கினார். என் பெயர் வர வேண்டிய இடத்தில் நிறுத்தினார். பிறகு, அந்த ஆபீஸின் வரலாற்றிலேயே முதன்முறையாக, எல்லோர் முன்னிலையிலும் தமிழில் பேசினார். "இவன் வேலை செய்யமாட்டான். செஞ்சாலும் தப்பாச் செய்வான். ஆனா இவன் போயிட்டா எனக்குத் தமிழ்ல திட்ட ஆள் இல்ல." அவ்வளவுதான் பேச்சு. ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை, பிரமாதமாகக் கைதட்டினார்கள். நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அழ ஆரம்பித்தவன், நாண்டி போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை. அந்த அழுகையில் கிண்ணத்தின் சட்டதிட்டம் எனக்கு மறந்தே போயிற்று. தீர்மானம் கொண்டுவந்தவனே நான்தான் என்பதும் மறந்துபோயிற்று. அவர் என் ஒருவனுக்கு மட்டும் நிஜமாகவே கொடுத்துவிட்டார் என்று நம்பினேன். அதன் பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

விமானத்தில் என் மனைவி என் மடியைப் பார்த்தாள். "என் மாங்காய் ஊறுகாயை இறக்கிவெக்கச் சொன்னீங்க. இதை ஏத்திட்டு வந்திருக்கீங்களா?" என்றாள். பிறகு மெதுவாக, "ஐயோ, இது அண்ணனுதாச்சே" என்றாள்.

ஆக்லாந்தில் கிண்ணத்துக்கு என்னைவிடப் பெரிய வரவேற்பு. கையுறை போட்டு வாங்கி, முகர்ந்து, புகை போட வேண்டும் என்று எடுத்துப்போய், அதற்குக் கட்டணமும் வாங்கினார்கள். சில மாதங்களில் ஹெட் கிளார்க் ஓய்வு பெற்றார். டிரைவர் போனில் சொன்னார். கிண்ணம் இல்லை என்று கடைசி நேரத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கினார்களாம். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, "நம்ம ஆபீஸ் கடிகாரம்தான் ஓடலையே" என்று அதை அங்கேயே மாட்டிவிட்டு, வெறுங்கையோடு நகாசி பஸ் ஏறினாராம். ஷூவை மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு.

நான் ஏன் அனுப்பவில்லை என்று கேட்பீர்கள். விசாரித்தேன், அனுப்பும் கூலி கிண்ணத்தின் விலையை மிஞ்சியது. அதைக் கேட்டால் அவரே அனுப்பாதே என்பார் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்வேன். கிண்ணத்தைப் பற்றி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் அந்தப் பேச்சை எடுக்க வாயைத் திறக்கும்போது, "உனக்குப் பைசா ஓடுது, வை" என்று வைத்துவிடுவார். ஊரில் அடுத்த புரட்சி வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒவ்வொரு முறையும் நான் பதறி போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் அவர், "கடன் தீந்துடுச்சு, வாசப்படியில உக்காந்திருக்கேன். உனக்குப் பைசா ஓடுது" என்றார். கிண்ணத்தில் நாங்கள் வெங்காயம் போட்டு வைத்திருந்தோம்.

இப்போது என் முறை. ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். நான் சாமான் கட்டும் கிடங்கில் ஆள் குறைக்கிறோம் என்று என்னை வாரத்தில் பாதி நாளுக்கு ஆக்கிவிட்டார்கள், சம்பளமும் பாதி. இந்த முறை நான் எந்த மெஷினும் வாங்கவில்லை. ஹீட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். கட்டணம் குறையும் நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன். தேய்ந்த காலரைத் திருப்பித் தைக்கத் தெரியுமா என்று மனைவியிடம் கேட்ட அன்று அவள் என்னை உற்றுப் பார்த்து, "பேசாம அண்ணனைப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள். வெங்காயத்தைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைத் துடைத்து வைத்ததும் அவள்தான்.

நாண்டியில் சோதனை செய்த பெண், எல்லோரும் இதை வெளியே கொண்டுபோவார்கள், நீங்கள் என்ன உள்ளே கொண்டுவருகிறீர்கள் என்று சிரித்தாள். டாக்சிக்காரர்கள் சூழ்ந்தார்கள். நான் பஸ் ஏறினேன். மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, அவர் பார்த்த அதே கரும்புத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு சுவா வரை வந்து, நகாசிக்கு இன்னொரு பஸ் மாறினேன். இதைக் கேட்டாலே அவர் மகிழ்வார் என்று மனதுக்குள் ஒத்திகை வேறு.

கதவைத் திறந்தது அண்ணி. தலை முழுக்க வெள்ளை, குரல் மாறவில்லை. உள்ளே பார்த்து, "இங்க வாங்க! கிண்ணம் வந்திருக்கு. கூட ஒரு ஆளும் வந்திருக்கு" என்றார்.

அவர் மெலிந்திருந்தார். காது கொஞ்சம் மந்தம். வீட்டுக் கூரை புதிதாக வர்ணம் பூசப்பட்டிருந்தது. அந்தப் பழைய ஃபிரிட்ஜ் இன்னும் அரிசி அலமாரியாகவே நிற்கிறது. பக்கத்தில் மகள் பணம் அனுப்பி வாங்கிய புது ஃபிரிட்ஜ் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "அதை நிறுத்த உங்க அண்ணி விடமாட்டேங்குறா" என்றார். தெருவில் பழைய ஆட்கள் யாரும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார், அவர் இப்போது எந்த நாட்டில் இருக்கிறார் என்பதையும் சொன்னார். அப்படியே வீடு வீடாகக் கைகாட்டினார். கிண்ணத்துக்காக ஹாலில் ஒரு மூலை காத்திருக்கும் என்று நான் கற்பனை செய்து வந்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் பேரப்பிள்ளைகளின் படங்களும் ஒரு டிவியும் இருந்தன.

நான் நடு ஹாலில் எழுந்து நின்று, அவருடைய பழைய ஆங்கிலப் பேச்சை, பெயர் வரும் இடத்தில் அவர் பெயரைப் போட்டு, முழுதாக ஒப்பித்தேன். அண்ணி கைதட்டினார். பிறகு தமிழுக்கு மாறினேன். "அண்ணே, நான்தான் தீர்மானம் போட்டேன், நானே தூக்கிட்டுப் போயிட்டேன். இது போகாதவருக்கு உள்ளது. இனிமே இது எங்கேயும் போகாது."

அவர் நாற்காலியில் இருந்தபடியே இரண்டு கைகளையும் நீட்டினார். இந்த முறை நான் தப்புச் செய்யவில்லை. கிண்ணத்தை வைத்தேன். மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார், வெங்காய வாசனைக்கு முகம் சுளித்தார். அன்று இழுத்துப் பார்த்த அந்தக் கிண்ணக் காலைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"அப்போ நீ போறப்ப நான் எதைடா குடுக்கறது?"